மைனஸ் 11 கண்ணுக்கு லேசிக்கா, ஸ்மைலா, பிஆர்கேவா, ஐசிஎல்லா: அலைஞ்சு திரிஞ்ச கதை

தலைப்புல இருக்கற நாலும் கண்ணாடிய விட்டுத்தொலைக்க பண்ற ஆபரேஷன். லேசிக், ஸ்மைல், பிஆர்கே மூணும் கருவிழிய, அதாவது கண்ணு முன்பக்கத்துல கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியாவ, லேசரால மெலிசாக்கறது. ஐசிஎல் கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் வைக்கறது. முதல்லயே சொல்லிடறேன், மைனஸ் 2, மைனஸ் 3 இருக்கறவங்க இதப் படிச்சு பயந்துக்க வேணாம், உங்களுக்கு பெரும்பாலும் எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். இது எங்கள மாதிரி சோடாபுட்டி கோஷ்டிக்கு. எனக்கு வலது கண்ணு மைனஸ் 11, கூட சிலிண்டர் (கருவிழி வளைவு ஒரே சீரா இல்லாததுக்கான பவர்) ஒண்ணேகால். இடது கண்ணு மைனஸ் ஒம்பதரை, சிலிண்டர் முக்கால். கண்ணாடிய கழட்டினா மூக்குக்கு முன்னாடி 9 சென்டிமீட்டர் வரைக்கும்தான் எனக்கு உலகம், அதுக்கு அந்தப்பக்கம் எல்லாம் மழைல கரைஞ்ச கோலம். கண்ணாடிக் கடைல 1.74 இன்டெக்ஸ், இருக்கறதுலயே மெலிசு மேடம்னு 14,000 வாங்கினாங்க, அப்பவும் ஓரம் ஃபிரேமுக்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டுதான் இருந்துச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு இப்ப 1 வருஷம் 4 மாசம் ஆகுது. சூட்டோட சூடா எழுதினா சந்தோஷத்துல எல்லாம் சூப்பர்னு எழுதித் தள்ளிருவேன்னு வேணும்னேதான் லேட் பண்ணேன்.

அம்மாவுக்கு இது பல வருஷ கவலை. ஈரோட்டுல என்னைய பொண்ணு பாக்க வந்த ஒரு குடும்பம் "போட்டோல கண்ணாடி இல்லீங்களே"ன்னு கேட்டுட்டு காபி குடிச்சுட்டு போனதுல இருந்து, "ஏஞ்சாமி, அந்த லேசர பண்ணித்தொலச்சா என்ன"ன்னு வாரம் ஒரு போன். நான் பண்ணிக்கிட்டது அதுக்காக இல்ல (அம்மா நம்ப மாட்டாங்க). 12 வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போட்டு கண்ணு ஒத்துக்காம போச்சு. சாயந்தரம் ஆனா செவந்துரும், டெஸ்ட் பண்ணப்ப கருவிழி ஓரத்துல சின்னச் சின்ன ரத்தக்குழாய் உள்ள வளர ஆரம்பிச்சிருக்கு, ஆக்சிஜன் பத்தலன்னு அர்த்தம், லென்ஸ் போடற நேரத்த கொறைங்கன்னுட்டாங்க. கொறச்சா மிச்ச நேரம் சோடாபுட்டி. சரி, கேட்டுத்தான் பாப்போமேன்னு கிளம்பினேன்.

முதல்ல போனது சென்னைல ஒரு செயின் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். ஏசி, காபி மெஷின், சோபா எல்லாம் பிரமாதம். ஒரு மணி நேரத்துல நாலு மெஷின்ல தாடைய வச்சு எடுத்துட்டு டாக்டர் ரெண்டு நிமிஷம் பாத்தாரு, அப்புறம் ஒரு கவுன்சலர் பொண்ணு ரூமுக்கு கூட்டிட்டு போய் உக்கார வச்சுச்சு. "மேம், உங்களுக்கு ஸ்மைல் பண்ணிரலாம், 10 வரைக்கும் எடுத்துருவாங்க, மிச்சம் ஒண்ணுதானே, அது உங்களுக்கு தெரியவே தெரியாது, இன்னைக்கே 5,000 அட்வான்ஸ் கட்டினீங்கன்னா மொத்தத்துல 10,000 கம்மி." நான் கருவிழி தடிமன் எவ்வளவுன்னு கேட்டேன். "நார்மல்தான் மேம்." நம்பர் சொல்லுங்கன்னேன். ஃபைல டாக்டர் ரூம்ல வச்சிருக்காங்களாம். மருந்து விட்டு கண்ணு பின்னாடி இருக்கற திரை, அதான் ரெட்டினா, அத பாக்கவே இல்ல, அத நான் அப்ப கேக்கவும் தெரியல. அம்மாகிட்ட கேக்கணும்னு சொல்லி எஸ்கேப் ஆனேன், 29 வயசுலயும் அந்த டயலாக் வேலை செய்யுது.

ரெண்டாவது போனது ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. காலைல 8 மணிக்கு டோக்கன், முடியறப்ப 3 மணி. பெஞ்சு, கூட்டம், நடுவுல பசி. ஆனா அங்கதான் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்ட என் பக்கம் திருப்பி வச்சு, "லேசர் எதுவும் உனக்கு நான் பண்ண மாட்டேன்மா"ன்னாங்க. ரெண்டு வாரமா நான் கேட்டதுலயே நல்ல வார்த்தை அதுதான், அப்ப அழுகை வந்துச்சுங்கறது வேற விஷயம்.

ஏன் மாட்டேன்னாங்கன்னு அவங்க ஒரு துண்டுச்சீட்டுல கணக்கு போட்டு காமிச்சாங்க, அந்த கணக்க பவர் ஜாஸ்தி இருக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கருவிழி தடிமன் பொதுவா 540 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஒட்டி இருக்கும், எனக்கு வலதுல 512. லேசர் என்ன பண்ணுதுன்னா கருவிழிய சீவி தட்டையாக்குது, அவ்வளவுதான். ஆறரை மில்லி அகலத்துக்கு சீவினா ஒரு பவருக்கு சுமாரா 14 மைக்ரான் போகும். 11 பவருக்கு 154. லேசிக்ல அதுக்கு முன்னாடி மேல ஒரு மூடி மாதிரி ஃபிளாப் வெட்டி திறக்கணும், அது ஒரு 110. 512ல 264 போனா மிச்சம் 248. கீழ கொறஞ்சது 250ஆவது நிக்கணும்ங்கறது பழைய கணக்கு, நெறய டாக்டருங்க 300க்கு கீழ போனா கை வைக்கறதே இல்ல. மிச்சம் இருக்கறது மெலிஞ்சு போச்சுன்னா கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தம் தாங்காம கருவிழி கொஞ்சங்கொஞ்சமா முன்னாடி உப்பிக்கும், எக்டேசியான்னு சொல்றாங்க, அப்படி ஆச்சுன்னா கண்ணாடி போட்டாக்கூட பார்வை சரியா நிக்காது. சீவற அகலத்த ஆறு மில்லியா கொறச்சா ஒரு பவருக்கு 12தான், 22 மைக்ரான் மிச்சம் பிடிக்கலாம், சில இடத்துல அப்படித்தான் கணக்க சரி பண்ணுவாங்களாம். ஆனா ராத்திரி இருட்டுல கண்ணு பாப்பா ஆறு மில்லிய தாண்டி விரிஞ்சா சீவாத ஓரத்துல இருந்து வெளிச்சம் உள்ள வந்து எதிர்ல வர்ற லாரி லைட்டெல்லாம் சிதறும். அந்த முதல் ஆஸ்பத்திரி பொண்ணு சொன்ன "நார்மல்தான் மேம்" அப்பதான் ஞாபகம் வந்து வயித்த கலக்குச்சு.

லேசர மட்டமா பேசறதா நெனைக்காதீங்க. லேசிக், பிஆர்கேல கருவிழிய சீவற எக்சைமர் லேசர் உடம்பு சதைய சுத்தி இருக்கறத பொசுக்காம அப்படியே நறுக்குனு எடுக்கும்னு கண்டுபிடிச்ச டீம்ல ஒருத்தர் மெட்ராஸ்ல பொறந்து மெட்ராஸ் யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிச்ச ரங்கஸ்வாமி ஸ்ரீனிவாசன். 1981ல அமெரிக்கால ஐபிஎம் லேப்ல, தேங்க்ஸ்கிவிங் விருந்துல மீந்த வான்கோழி மேல அடிச்சு பாத்தாராம். நம்ம வீட்ல மீந்தது மறுநாள் குழம்பாகும், அங்க லட்சக்கணக்கான பேரோட கண்ணாடிய கழட்டிருச்சு. என் பவருக்குத்தான் அது தோதுப்படல.

பிஆர்கே பத்தி எங்க சித்தி பையன்கிட்ட கேட்டேன், அவனுக்கு மைனஸ் நாலு, கருவிழி மெலிசுன்னு அதுதான் பண்ணாங்க. அதுல ஃபிளாப்பே கிடையாது, மேல் தோல சுரண்டிட்டு நேரா லேசர், மேல ஒரு பேண்டேஜ் லென்ஸ் போட்டு அனுப்பிருவாங்க. "அக்கா, ரெண்டாவது நாள் ராத்திரி கண்ணுல மொளகாப்பொடிய கொட்டின மாதிரி இருந்துச்சு, நாலு நாள் ரூம் லைட்ட போடவிடல"ன்னான். பார்வை நல்லா செட்டாக ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, இப்ப அவன் பைலட் மாதிரி பாக்கறான். விலையும் இருக்கறதுலயே கம்மி, அவனுக்கு ரெண்டு கண்ணும் சேத்து 35,000தான். ஃபிளாப் இல்லாததால எனக்கு தடிமன் மிச்சம் ஆகும்லனு நான் டாக்டரம்மாகிட்ட மடக்கினேன், வாஸ்தவம்தான், ஆனா 11 பவர அப்படி சீவினா கருவிழில புகை படிஞ்ச மாதிரி ஹேஸ் வர்ற சான்ஸ் ஜாஸ்தி, பவரும் கொஞ்சம் திரும்பி வரும்னாங்க. மடங்கினது நான்தான்.

ஸ்மைல் என் ஆபீஸ் ஃபிரண்டு பண்ணிருக்கா, மைனஸ் அஞ்சரை. கருவிழிக்குள்ளயே லேசரால ஒரு சின்ன வில்லைய வெட்டி, ஓரத்துல மூணு நாலு மில்லி ஓட்டை போட்டு அத உருவி எடுத்துருவாங்க. ஃபிளாப் இல்ல, லேசிக்க விட கண்ணு காஞ்சு போறது கொஞ்சம் கம்மி, வெள்ளிக்கிழமை பண்ணிட்டு திங்கக்கிழமை ஆபீஸ் வந்துட்டா. கண்ணுல அடிபட்டா ஃபிளாப் நகருங்கற பயம் இல்லாததால பேட்மின்டன் ஆடறவங்க எல்லாம் இதத்தான் விரும்பறாங்க. அஞ்சு ஆறு பவர் இருந்து கருவிழியும் தடியா இருந்தா நானும் கண்ண மூடிக்கிட்டு இதுக்குத்தான் போயிருப்பேன். ஆனா அதோட வரம்பே மைனஸ் 10, எடுக்கற சதையும் லேசிக்குக்கு கொறஞ்சது இல்ல. வரம்பு ஓரத்துல போய் நின்னுக்கிட்டு "மிச்சம் ஒண்ணுதானே"ன்னு சொல்றது கடைக்காரன் பேச்சு.

அப்ப மிச்சம் இருந்தது ஐசிஎல். கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கறதுன்னதும் அம்மா போன்ல கத்தினாங்க, "அது தாத்தாவுக்கு பண்ணின கண்புரை ஆபரேஷன் இல்லியா சாமி, உனக்கு எதுக்கு?" அது வேற. கண்புரைல நம்ம லென்ஸ எடுத்துட்டு வேற வைப்பாங்க. இதுல நம்ம லென்ஸ் அப்படியே இருக்கும், அதுக்கு முன்னாடி, கண்ணுல நிறமா தெரியற ஐரிஸுக்கு பின்னாடி, ஒரு மெலிசான லென்ஸ சொருகி வைப்பாங்க. அதனால கிட்டத்துல போன் படிக்கற ஃபோகஸ் பவர் போகாது. 45, 50 தாண்டினவங்களுக்கு சில இடத்துல சொந்த லென்ஸயே எடுத்துரலாம்னு சொல்வாங்க, ஆனா சின்ன வயசு மயோபியா (மைனஸ் பவர்) கண்ணுல அத பண்ணா கிட்டத்துல படிக்க கண்ணாடி வேணும், ரெட்டினா கழண்டுக்கற ஆபத்தும் கூடும், அதனால அந்த பேச்சே வேணாம்னுட்டாங்க.

எனக்கு வச்சது ஸ்டார் சர்ஜிகல்ங்கற அமெரிக்க கம்பெனியோட ஈவோ டோரிக் (டோரிக்னா சிலிண்டரையும் சேத்து சரி பண்ற வகை). கொலாமர்னு கொலாஜன் கலந்த மெட்டீரியல், நல்லா மடியும். நடுவுல 0.36 மில்லில ஒரு பொடி ஓட்டை இருக்கும், அதுதான் இந்த மாடலோட விசேஷம். பழைய மாடல்ல கண்ணுக்குள்ள தண்ணி ஓட வழி இல்லாம முன்னாடியே ஐரிஸ்ல லேசரால ஓட்டை போடணும், இப்ப தண்ணி லென்ஸ் நடுவுலயே போயிக்கும். அமெரிக்கால ஓட்டை இல்லாத மாடலுக்கு 2005லயே அனுமதி கெடச்சிருச்சு, இதுக்கு 2022லதான் கெடச்சது. மத்த நாடுகள்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டுட்டு இருந்தாங்க. நம்ம ஊர்லயே பரோடால செய்யற ஐபிசிஎல்லும் இருக்கு, அக்ரிலிக், கிட்டத்தட்ட பாதி விலை. அதயும் அதே ஆஸ்பத்திரில போடறாங்க, மோசம்னு யாரும் சொல்லல. நான் ஈவோ எடுத்ததுக்கு ஒரே காரணம் அது ரொம்ப வருஷமா கண்ணுக்குள்ள இருந்து பாத்தாச்சுங்கறதுதான். காசு இடிச்சிருந்தா ஐபிசிஎல்லுக்கு தயங்கியிருக்க மாட்டேன்.

இதுக்கும் எல்லார் கண்ணும் பொருந்தாது. கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவுல எடம் 2.8, 3 மில்லியாவது இருக்கணும், எனக்கு 3.2 இருந்துச்சு. கருவிழி பின்பக்க செல்லு எண்ணிக்கை பாப்பாங்க. ஒரு வருஷமா பவர் ஏறாம நிக்கணும். அப்புறம் சைஸ். செருப்பு மாதிரிதான், ஆனா கடைல போட்டு பாக்க முடியாத செருப்பு. சின்னதா போச்சுன்னா லென்ஸ் தாழ்ந்து போய் நம்ம லென்ஸ உரசி சின்ன வயசுலயே புரை வரலாம், பெருசா போச்சுன்னா ஐரிஸ முன்னாடி தள்ளி தண்ணி வழி அடைச்சு கண்ணுக்குள்ள பிரஷர் ஏறலாம். வச்ச லென்ஸுக்கும் நம்ம லென்ஸுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிக்கு வால்ட்னு பேரு, 250ல இருந்து 750 மைக்ரான் வரைக்கும் சந்தோஷம். அதனாலதான் அளவ ரெண்டு வேற வேற மெஷின்ல, ரெண்டு வேற நாள்ல எடுத்தாங்க, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கான்டாக்ட் லென்ஸ நிறுத்தச் சொன்னாங்க.

அப்பதான் மருந்து விட்டு ரெட்டினா பாத்தாங்க. இடது கண்ணு ஓரத்துல ரெட்டினா மெலிஞ்சு அதுல ஒரு சின்ன ஓட்டை. அத சுத்தி பேரேஜ் லேசர் அடிச்சு வேலி கட்டினாங்க, அஞ்சு நிமிஷம், பச்சை வெளிச்சம் சுருக் சுருக்னு. மூணு வாரம் கழிச்சுதான் மத்தது. முதல் ஆஸ்பத்திரில அட்வான்ஸ் கட்டிருந்தா இந்த ஓட்டையோடயே பண்ணிருப்பாங்களோ என்னவோ, இப்ப நெனச்சாலும் கைல வேர்க்குது.

டோரிக் லென்ஸ் என் சிலிண்டருக்கு ஏத்த மாதிரி ஆர்டர் போட்டு வர அஞ்சு வாரம் ஆச்சு. ஆபரேஷன் அன்னைக்கு வலது, மறுநாள் இடது. ஊசி இல்ல, சொட்டு மருந்துலயே மரத்துப் போச்சு. மேல மூணு வெளிச்சம் தெரியும், அத பாத்துக்கிட்டே இருங்கன்னாங்க. வலின்னு இல்ல, யாரோ கட்டைவிரலால கண்ண உள்ள அமுக்கற மாதிரி ஒரு அழுத்தம், ஒரு தடவ ரொம்பவே அமுக்கி "ஆ"ன்னுட்டேன், "முடிஞ்சுது கண்ணு, லென்ஸ் உள்ள போயிருச்சு"ன்னாங்க டாக்டரம்மா. 15 நிமிஷம் இருக்கும். அதுக்கப்புறம் உடனே வீட்டுக்கு விடல, மூணு மணி நேரம் உக்கார வச்சு பிரஷர் பாத்துட்டுதான் விட்டாங்க, லென்ஸ் வைக்கறதுக்காக உள்ள விட்ட ஜெல்லு மிச்சம் இருந்தா அன்னைக்கே பிரஷர் ஏறுமாம். நீங்க எங்க பண்ணாலும் இந்த செக் பண்ணாம வெளிய வராதீங்க.

மறுநாள் காலைல வலது கண்ணுல 6/6. அம்மா மூஞ்சில இத்தன சுருக்கம் எப்ப வந்துச்சுன்னு இருந்துச்சு. இதுல ஒரு விஷயம் யாரும் முன்னாடி சொல்லல: எல்லாமே பெருசா தெரிஞ்சுது. அத்தன பவர் கண்ணாடி கண்ணுக்கு வெளிய இருக்கறதால எல்லாத்தயும் சுருக்கித்தான் காட்டும், எனக்கு அது 20 வருஷ பழக்கம். அளவு எடுக்க கான்டாக்ட் லென்ஸ நிறுத்தினதுல இருந்து கண்ணாடியே போட்டுக்கிட்டு இருந்துட்டு ஒரே நாள்ல மாறினதால சாப்பாட்டு தட்டு பெருசு, என் கால் பெருசு, செவுத்துல பல்லி உடும்பு மாதிரி. மாடிப்படி எறங்கறப்ப ரெண்டு நாள் கைப்பிடிய விடல.

இனி கொறை. ராத்திரில ஒவ்வொரு லைட்ட சுத்தியும் ஒரு மெல்லிசு வளையம், நடு ஓட்டையால வர்றது. முதல் மாசம் ஸ்கூட்டில கத்திப்பாரா பாலம் ஏறவே கடுப்பா இருந்துச்சு. இப்பவும் தேடினா தெரியும், தேடாம இருந்தா தெரியாது. ரெண்டாவது, பத்தாவது நாள் கண்ணு பிரஷர் 28க்கு போச்சு. ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கு சில கண்ணு அப்படி எகிறுமாம், மயோபியா கண்ணுல இது சகஜமாம். மருந்த மாத்தி, கூட பிரஷர் மருந்து குடுத்து ரெண்டு வாரத்துல 15க்கு வந்துச்சு, அந்த ரெண்டு வாரமும் நான் தூங்கல. ஒரு வாரம் தலைக்கு குளிக்கக் கூடாது, ராத்திரி கண்ணுக்கு பிளாஸ்டிக் மூடி, கண்ண கசக்கவே கூடாது, மை கிடையாது. வால்ட் ஒரு மாசத்துல வலது 480, இடது 310. இப்ப 450, 290. இடது கொஞ்சம் கம்மிதான், பாத்துக்கிட்டே வரணும்னு சொல்லிருக்காங்க, வருஷா வருஷம் ஸ்கேன். எதாவது ஒத்துக்கலன்னா கழட்டிரலாம்ங்கறது ஐசிஎல்லோட பெரிய பிளஸ், ஆனா கழட்டறதும் ஒரு ஆபரேஷன்தான், கம்மல் கழட்டற மாதிரி பேசறவங்கள நம்பாதீங்க.

செலவு ரெண்டு கண்ணுக்கும் 2,20,000. எனக்கு சொன்ன மத்த விலை: ஸ்மைல் 95,000, ஐபிசிஎல் 1,15,000. இன்சூரன்ஸ்ல வராது, அழகுக்கு பண்றதுன்னு எல்லாரும் சொன்னாங்க, கம்பெனிக்காரங்களும் கேஷ்லெஸ்ஸ ரிஜெக்ட் பண்ணாங்க. பாலிசி பத்திரத்த எடுத்து பொடி எழுத்துல தேடினா, விலக்கு எழுதியிருக்கறது 7.5 டயாப்டருக்கு கீழ உள்ள பவருக்குத்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ வகுத்து குடுத்த வாசகமே அதுதான். நமக்கு ரெண்டு கண்ணும் அதுக்கு மேல. டாக்டர்கிட்ட பவர எழுதி லெட்டர் வாங்கி, பழைய கண்ணாடி பில்லு எல்லாம் சேத்து ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு போட்டேன், மூணு தடவ திருப்பி அனுப்பி, நாலு மாசம் இழுத்து, 1,40,000 வந்துச்சு. வாழ்க்கைல முதல் தடவையா பவர் ஜாஸ்தியா இருந்ததுக்கு சந்தோஷப்பட்டேன். காத்திருப்பு காலம், உச்சவரம்பு எல்லாம் பாலிசிக்கு பாலிசி மாறும், ஆபரேஷனுக்கு முன்னாடியே படிச்சு வைங்க.

மார்க் போடுன்னா ஐசிஎல்லுக்கு பத்துக்கு எட்டரை, வளையத்துக்கு அரை, அந்த பிரஷர் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு கழிச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒம்பது, அந்த ஒண்ணு பெஞ்சுக்கு. ஆனா இது கண்ணோட முன்பக்கத்துக்கு மட்டும்தான். என் கண்ணு நீளம் 27.6 மில்லி, சாதா கண்ணு 24 ஒட்டிதான் இருக்கும், அந்த நீளம் எந்த ஆபரேஷனாலயும் கொறையாது, ரெட்டினா அதே இழுபட்ட ரெட்டினாதான். கண்ணாடி போயிருச்சேன்னு செக்கப்ப விட்டுறாதீங்க, கண்ணுல மின்னல் வெட்டினாலோ, கொசு பறக்கற மாதிரி திடீர்னு நெறய தெரிஞ்சாலோ அன்னைக்கே ஓடணும். வெள்ளெழுத்தும் 40 தாண்டினா எல்லாருக்கும் போல எனக்கும் வரும்.

கண்புரையும் ஒரு நாள் வரும்தான். லேசர் பண்ண கண்ணுல கருவிழி வடிவம் மாறிட்டதால அப்ப வைக்க வேண்டிய லென்ஸ் பவர கணக்கு போடறது கொஞ்சம் சிக்கலாம், ஐசிஎல்லுல அந்த தொல்லை இல்ல, இத எடுத்துட்டு அத வச்சுருவாங்க. அதுக்கு டாக்டருக்கு காமிக்கணும்னு லென்ஸ் நம்பர், சைஸ், எந்தக் கண்ணு எல்லாம் போட்டு ஒரு கார்டு குடுத்தாங்க. நான் தொலச்சிருவேன்னு அம்மா அத பிடுங்கி ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தோட சேத்து பீரோல பூட்டி வச்சிருக்காங்க, கூடவே அந்த 14,000 ரூபா சோடாபுட்டியும் இருக்கு.